சந்தையில் தங்கை சிரித்த நாள்

என் தங்கை இறந்து நாற்பது நாள் ஆகிறது. வலிப்பு வந்து விழுந்தவளை ஓசூர் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். மூளையின் அடியில் இருப்பது பிறவியிலேயே உண்டான சிறு கட்டி, புற்றல்ல, மிக அரிதானது என்று விளக்கிய மருத்துவர், "சின்ன வயசுல காரணமே இல்லாம சிரிப்பாங்களா சார்? அதுவும் ஒரு வகை வலிப்புதான்" என்று கேட்டார். நினைவில்லை என்றேன். நாற்பதாண்டு அறிவியல் கற்பித்தவன் சொன்ன பொய் அது. அவள் விஷயத்தில் அது முதல் பொய்யுமல்ல.

அப்போது எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு ஐந்து. அம்மா தாய்வீடு போயிருந்ததால், காளையை விற்கக் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் புறப்பட்ட அப்பா எங்களையும் அழைத்துச் சென்றார். தளிப் பக்கத்து விவசாயி ஒருவருக்குக் காளை பிடித்துவிட்டது. தரகர் கைமேல் துண்டைப் போர்த்தி, அதனடியில் விவசாயியின் விரல்களைப் பிடித்துக் காட்டி விலை பேசத் தொடங்கினார். துண்டு விலகும்வரை சுற்றி நிற்பவர்கள் வாய் திறப்பதில்லை.

தங்கை என் கையைத் தேடிப் பிடித்தாள். "அண்ணா, வருது" என்றாள். ஒவ்வொரு முறையும் என்னிடம் மட்டும் அப்படிச் சொல்வாள். அது அடங்கும்வரை கையை விடாமல் நிற்பேன். அன்று என் வகுப்புத் தோழன் எதிரே நின்றுகொண்டிருந்தான். கையை உதறினேன்.

அவள் சிரித்தாள். கண்களை எட்டாத, நிற்காத சிரிப்பு.

விவசாயி துண்டுக்குள்ளிருந்து கையை உருவிக்கொண்டார். "ஊட்டுப் புள்ளயே சிரிக்குதுன்னா, மாட்டுல என்னமோ கெட்ட சுழி இருக்குதுங்க."

"மாடு விக்க வந்தியா, கூத்து கட்ட வந்தியாய்யா?" என்றார் தரகர் அப்பாவிடம்.

"உன் தங்கச்சிக்குப் பைத்தியமாடா?" என்றான் தோழன்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏண்டா, இவளுக்கு இது தானா வருதா, வேணும்னே பண்றாளா?"

பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பைத்தியத்தின் அண்ணனாக இருப்பதைவிடக் குறும்புக்காரியின் அண்ணனாக இருப்பது எனக்கு மேலாகப் பட்டது.

"வேணும்னேதாம்ப்பா."

மாட்டுக் கயிற்றால் இரண்டு அடி விழுந்தது. அடிபட்டும் சிரித்தாள். நான் சொன்னது உண்மை என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

விற்காத காளையோடு திரும்பினோம். வழியெல்லாம் என்னை ஒட்டியே நடந்தாள், கோபித்ததாகத் தெரியவில்லை. அதன் பிறகும் எத்தனையோ முறை சிரித்தாள். "வருது" என்று மட்டும் என்னிடம் சொல்லவேயில்லை. சொல்லாததால், இதெல்லாம் வெறும் சிரிப்புதான், அவளுக்குக் குணமாகி வருகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.