பதினேழு ஊமைக்காயங்கள்

தம்பியின் உடம்பில் பதினேழு ஊமைக்காயங்கள் இருந்தன. அம்மா அவனைப் பீலித் தண்ணீரில் குளிப்பாட்டும்போது எண்ணினேன். காலில் பன்னிரண்டு, முதுகில் நான்கு, காதுக்குக் கீழே ஒன்று. அவனுக்கு ஐந்து வயது, எனக்குப் பத்து. எதையும் எண்ணாமல் விடமாட்டேன். இன்றைக்கும் என் மாத்திரைகளை நான் மூன்றாம் முறை எண்ணும்போது மருமகள் எழுந்து போய்விடுவாள்.

எங்களுடையது கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டம். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்த டிஸ்பென்சருக்கு அப்போது இளம் வயது. தம்பியின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"யாரு அடிச்சது?"

"யாரும் அடிக்கலைங்க ஐயா. தானாவே வருதுங்க," என்றாள் அம்மா.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வீங்க. ஒம் புருசன் குடிச்சிட்டு அடிப்பான், நீ இங்க வந்து மருந்து கேப்ப."

சம்பளத்தன்று அப்பா குடிப்பார்தான். ஆனால் எங்கள்மேல் அவர் கை பட்டதே இல்லை. மறுநாள் காலை பிரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் நின்றபோது, டிஸ்பென்சர் அப்பாவைக் கூப்பிட்டு அதையே சொன்னார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் தம்பி இறந்துபோனான். அதன் பிறகு லயத்து வீடுகளில் அப்பாவுக்குப் புள்ளைய அடிச்சுக் கொன்னவன் என்று பேர்.

மருத்துவக் கல்லூரியில் ஒரு புத்தகப் படத்தில் தம்பியின் கால்களைப் பார்த்தேன். வேறொரு பிள்ளையின் கால்கள், அதே காயங்கள். இரத்தப் புற்றுநோய். அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன்.

"இத ஏன்டா எங்கிட்ட சொல்ற? நான் அடிக்கலன்னு எனக்குத் தெரியாதா? அந்தாளச் சொல்லச் சொல்லு," என்றார்.

டிஸ்பென்சர் அப்போது நிவித்திகல பக்கம் மாறிப் போயிருந்தார். தேடிப் போனேன். "அடிச்ச காயம் எதுன்னு எனக்குத் தெரியும் தம்பி. நீங்க போய்ப் படிங்க," என்று சிரித்தார்.

போய்ப் படித்தேன். நாற்பத்தொரு வருடம் படித்தேன். நுண்காட்டியின் கீழ் ஒரு கண்ணாடித் தகட்டுக்கு இருநூறு வெள்ளணுக்கள் வீதம் எண்ணினேன். எண்ணுவதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் இந்த நோயோடு ஆஸ்பத்திரிக்கு ஏன் பிந்தி வருகிறார்கள் என்பதே என் ஆய்வு. காய்ச்சல், சோகை, பூச்சி, அடி என்று யாரோ ஒருவர் முதலில் தவறாகச் சொல்லியிருப்பார். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்து நடுவில் மருந்தை விட்டுவிடும் பிள்ளைகளுக்காகச் சிகிச்சை முறையைத் திருத்தி அமைத்தோம். பிழைத்தவர்களில் சிலர் கல்யாணப் பத்திரிகை அனுப்புகிறார்கள். தோட்ட டிஸ்பென்சர்களுக்கு வகுப்பு எடுக்கும்போதெல்லாம் முதல் வாக்கியம் ஒன்றுதான்: காயத்தோடு பிள்ளை வந்தால், வாயைத் திறக்குமுன் இரத்தத்தை எடுங்கள்.

அப்பா இடையில் இறந்துவிட்டார். சவத்தைத் தூக்க ஆறு பேர்தான் வந்தார்கள்.

தம்பியின் உயிரை நான் அந்த மனிதர் தலையில் கட்டவில்லை. அந்தக் காலத்தில் எந்த ஆஸ்பத்திரியாலும் அவனைப் பிழைக்க வைத்திருக்க முடியாது. அப்பாவின் பேரை மட்டும் திருப்பிக் கேட்டேன்.

ஓய்வுக்குப் பிறகும் மாதம் ஒருமுறை இரத்தினபுரியில் நோயாளிகளைப் பார்க்கிறேன். போன வருடம் ஒரு பெண் தன் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். எண்பதைத் தாண்டியவர். பார்த்ததும் ஆளைத் தெரிந்தது. இரண்டு கைகளிலும் ஊமைக்காயங்கள், பதினான்கு. இரத்தப் பரிசோதனை முடிவு என் முன்னால் இருந்தது. இவருக்கும் இரத்தப் புற்றுநோய், முதியவர்களுக்கு வரும், மெதுவாக நகரும் வகை.

வாசலில் திரைச்சீலைதான். வெளி வாங்கில் உட்கார இடமில்லாமல் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, "யாரு அடிச்சது?" என்றேன். யாருக்கும் புரியாமல் போய்விடக் கூடாதென்று சிங்களத்திலும் கேட்டேன். "கவுத கெஹுவே?"

"ஐயோ டொக்டர், அப்பா மேல நாங்க கைய வைப்பமா?" என்று மகள் அழுதாள்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வீங்க."

கிழவர் தலையை நிமிர்த்தினார். என்னை உற்றுப் பார்த்தார். "கேகாலைத் தோட்டத்துல பால் வெட்டினவரு மகனா?" என்றார். பிறகு, "மன்னிச்சிருங்க டொக்டர்."

"எங்கிட்ட வேணாம். பிரட்டுக்களத்துல சொல்லுங்க."

மாத்திரையை அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் செத்துவிட்டால் யார் சொல்வது?

காயங்கள் மறைந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பழைய தோட்டத்துக்கு வந்தார். களத்தில் பதினொரு பேர் கூடினார்கள். அப்பாவைத் தெரிந்தவர்கள் மூவர். கிழவர் மகளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அந்த மனுசன் புள்ளைய அடிக்கல. அது நோய். நான் சொன்னது பொய்."

பின்னால் நின்ற பெண் ஒருத்தி பக்கத்துக் கிழவியிடம், "யாரச் சொல்றாரு?" என்று கேட்டாள்.

"அதான், புள்ளைய அடிச்சே கொன்னாரே, அவரத்தான். இவரு அவரு மகன், பெரிய டொக்டர்."

திரும்பி வரும்போது வேனில் கிழவர், "சொல்லிட்டேனே டொக்டர்," என்றார்.

"கேக்கல. அடுத்த மாசமும் வாங்க. சத்தமா சொல்லணும்."

மகள் என்னை முறைத்தாள். முறைக்கட்டும். அவருடைய இரத்தம் இப்போது நன்றாக இருக்கிறது. இன்னும் பலமுறை வரலாம்.