இரண்டாம் பாகத்தில் காணாமல் போன அப்பா

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு நைஜீரியப் படம் பார்த்தேன்.

இந்த வாரப் பத்தி அதைப் பற்றித்தான் என்று போனில் சொன்னதும் உதவி ஆசிரியர் சிரித்தார். “மேடம், நம்ம ஊர்ப் படத்தைப் பத்தி எழுதினாலே பாதிப் பேர் பக்கத்தைத் திருப்பிடறாங்க. நைஜீரியாவா?” என்றார். ஆமாம், நைஜீரியாதான். காதல் படம்தான். இரண்டு பாகம், நான்கு சிடி, மூன்றே கால் மணி நேரம்! திருப்புகிறவர்கள் தாராளமாகத் திருப்பட்டும். நான் எழுதத்தான் போகிறேன்.

செங்கல்பட்டில் எங்கள் வீட்டு மாடியில் என்கோசி குடியிருக்கிறாள். நைஜீரியப் பெண். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கல்லூரியில் நர்ஸிங் மேல்படிப்பு. அவளுக்கு வீடு விட்டபோது தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். “யாரு, என்னன்னு விசாரிச்சீங்களா?” நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ஆபீஸில் இதை எத்தனை முறை சொல்லிக் காட்டியிருப்பேன் என்று என் சக ஊழியர்களைக் கேட்டால் எண்ண விரல் போதாது என்பார்கள்.

லீவுக்கு ஊருக்குப் போய் வந்தவள், ஒரு பை நிறைய சிடி கொண்டுவந்திருந்தாள். “ஆன்ட்டி, உங்க சீரியலை எல்லாம் நான் பார்த்தேன் இல்லையா? இன்னைக்கு என் படத்தை நீங்க பார்க்கணும்” என்றாள். அவள் பேசுவது ஆங்கிலம். நான் தமிழில் சொல்கிறேன். மறுக்க முடியுமா? நியாயம்தானே?

சிடியைப் போடுகிற நேரத்தில் ஸ்டெல்லா வந்து நின்றாள்.

ஸ்டெல்லா ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேஜை. படாளத்துப் பெண். அவள் அப்பா ஆரோக்கியம் ஊர்க்காரர்கள் நிலத்தில் கூலிக்கு உழுது, அறுத்து, அவளை பி.காம். படிக்க வைத்தவர். இப்போது ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். ஸ்டெல்லாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை பிரபாகர், அச்சரப்பாக்கத்தில் நெல் மண்டி வைத்திருப்பவரின் மகன். காதல் கல்யாணம். அவள் காலனி, அவன் ஊர். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஒன்றரை வருடம் இழுத்தடித்துவிட்டு பிரபாகரின் அப்பா சம்மதம் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. கல்யாணப் பத்திரிகையில் ‘படாளம் காலனி’ என்று வரக்கூடாது. மண்டிக்கு வருகிறவர்கள் எல்லாம் படிப்பார்களாம். கல்யாணமும் இரண்டு ஊரிலும் வேண்டாம், மாமல்லபுரத்தில் ஒரு மண்டபம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். சரிதானே? கடற்கரைக்கு வந்தவர்களிடம் யார் எந்த ஊர் என்று கேட்கப்போகிறார்கள்?

எங்கள் ஆபீஸில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் பத்திரிகை என் மேஜைக்கு வந்துவிடும். பத்தி எழுதுகிறவள் என்ற பெயருக்கு நான் செய்யும் ஊழியம் அது. ஸ்டெல்லாவுக்கும் நானே எழுதிக் கொடுத்தேன். ‘செங்கல்பட்டு திரு. ஆரோக்கியம் – திருமதி லூர்துமேரி தம்பதியரின் மகள்.’ ஸ்டெல்லா செங்கல்பட்டில் ஹாஸ்டலில் தங்கித்தானே வேலைக்கு வருகிறாள்? பெரிய பொய்யும் இல்லை, சண்டையும் இல்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அதன் ப்ரூஃபைத்தான் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்திருந்தாள். மறுநாள் காலையில் பிரஸ்ஸில் கொடுத்தாக வேண்டும்.

“உட்கார். படம் முடியட்டும், பார்த்துத் தர்றேன்” என்றேன்.

இனி படம்.

முதல் பத்து நிமிடம் ஒரு கார் கேட்டுக்குள் நுழைகிறது. ஹாரன் அடிக்கிறது, வாட்ச்மேன் ஓடி வருகிறான், கேட் திறக்கிறது, கார் நிற்கிறது, கதாநாயகன் இறங்குகிறான்... எதையும் வெட்டவில்லை. லண்டனில் படித்துவிட்டு வந்த பணக்காரப் பையன். பின்னால் எங்கேயோ ஜெனரேட்டர் ஓடும் சத்தம் வசனத்தோடு சேர்ந்து கேட்கிறது. கதாநாயகி பள்ளிக்கூட டீச்சர். அவள் நடந்தால் ஒரு பாட்டு, உட்கார்ந்தால் அதே பாட்டு, அழுதாலும் அதே பாட்டு. வாசல்படியில் தோள்வரை இருந்த தலைமுடி, கூடத்துக்கு வருவதற்குள் இடுப்புவரை வளர்ந்துவிட்டது. ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள். “இன்னா எண்ணெய் மேடம் தடவறா?” என்று கேட்டதை நான் மொழிபெயர்த்துச் சொல்ல, என்கோசி அவளைவிடச் சத்தமாகச் சிரித்தாள்.

ஆனால் கதாநாயகனின் அம்மா வந்தாளே பார்க்க வேண்டும்! தலையில் கோபுரம் மாதிரி ஒரு துணிக்கட்டு. சோபாவில் உட்கார்ந்தபடி ஒரு விரலைத்தான் ஆட்டுகிறாள், வீடே நடுங்குகிறது. “அந்தப் பெண் ஓசு” என்கிறாள்.

ஓசு என்றால்? என்கோசி படத்தை நிறுத்திவிட்டுச் சொன்னாள். பல தலைமுறைக்கு முன்னால் ஏதோ ஒரு தெய்வத்துக்கு அடிமையாக விடப்பட்டவர்களின் வம்சம். அந்த வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள், பெண் கொடுக்கமாட்டார்கள். “சட்டம் எப்பவோ ஒழிச்சாச்சு, ஆன்ட்டி. சட்டத்துல இல்லை. கல்யாணத்துல மட்டும் இருக்கு” என்றாள்.

ஸ்டெல்லாவின் சிரிப்பு அதோடு நின்றது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

இந்தப் படத்தில் ஒரே ஒரு மகத்தான காட்சி. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் பெண்ணின் வீட்டுக்கு வருகிறார்கள். நம் ஊரில் வெற்றிலை பாக்கு மாதிரி அங்கே கோலா என்று ஒரு கொட்டை. வந்தவர்கள் அதை வாங்கிச் சாப்பிட்டால்தான் பேச்சு வார்த்தையே. பெண்ணின் அப்பா தட்டை நீட்டுகிறார். ஒருவரும் தொடவில்லை. அவர் நீட்டியபடியே நிற்கிறார். அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு மெதுவாக உள்ளே போகிறார். பாட்டு இல்லை, அழுகை இல்லை. அந்த ஒரு இடத்தில் ஜெனரேட்டர்கூட ஓடவில்லை.

“எங்க வூட்டுக்கு பிரபா அப்பா வந்தாரு இல்ல... இதே மாதிரிதான் மேடம். அம்மா வச்ச காபிய எடுக்கவே இல்ல. ஆறிப்போச்சுன்னு சொல்லிகினு எங்கப்பாவே எடுத்துகினு போயி கொட்டுனாரு” என்றாள் ஸ்டெல்லா. என்னிடம் இதை இதுவரை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

முதல் பாகம் முடிந்தது. இரண்டாம் பாகத்தில் எல்லாம் கெட்டது.

கதாநாயகி விஷத்தைக் கையில் எடுக்கிறாள். கதாநாயகன் காரை எடுக்கிறான். திடீரென்று சாகக் கிடக்கும் ஒரு மருத்துவச்சி கண்ணைத் திறந்து ஓர் உண்மையைச் சொல்கிறாள். பிறந்த அன்றே குழந்தை மாறிவிட்டதாம்! கதாநாயகி ஓசு வீட்டுப் பெண்ணே இல்லையாம். பக்கத்து ஊர்த் தலைவரின் மகளாம். அவ்வளவுதான்... அம்மாவின் விரல் கீழே இறங்கிவிட்டது. மேளம், நடனம், எல்லோருக்கும் ஒரே நிறத்தில் உடை, கல்யாணம். கடவுளுக்கு நன்றி சொல்லிப் படம் முடிகிறது.

எனக்கு வந்ததே கோபம்! எழுந்து நின்றுவிட்டேன். “கோழை! எழுதினவன் சுத்தக் கோழை! பிறப்பை மாத்தி எழுதிட்டுக் காதல் ஜெயிச்சுதுன்னா என்ன அர்த்தம்? காதலா ஜெயிச்சுது? அந்த அம்மாவோட விரல்தானே ஜெயிச்சுது? அவ ஓசுவாவே இருந்து, அவன் கட்டியிருந்தா அது படம்!” என்று என்கோசியைப் பார்த்துக் கத்தினேன், ஏதோ அவள்தான் டைரக்டர் மாதிரி.

என்கோசி அசரவில்லை. “ஆன்ட்டி, அந்த மாதிரி அம்மாக்களும் சிடி வாங்கணுமே? எங்கம்மா இதை நாலு தடவை பார்த்தாங்க. நாலு தடவையும் அந்தப் பொண்ணுக்காக அழுதாங்க. நிஜமாவே ஒரு ஓசு பையன் என் அக்காவைக் கேட்டு வந்தான். அம்மா கதவைத் திறக்கலை” என்றாள்.

ஸ்டெல்லா இதையெல்லாம் கவனித்த மாதிரி தெரியவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பெரியவரு எங்க மேடம்?”

“எந்தப் பெரியவர்?”

“தட்ட எடுத்துகினு உள்ள போனாரே, அவ அப்பா. வளத்தவரு. கல்யாணத்துல அவுரு எங்க கீறாரு?”

கடைசிக் காட்சியை மறுபடி ஓட்டினோம். மூன்று முறை. ஊர்த் தலைவர் இருக்கிறார், மருத்துவச்சியின் பேத்தி இருக்கிறாள், முதல் காட்சியில் கேட் திறந்த வாட்ச்மேன்கூட ஆடுகிறான். அவர் இல்லை. இருபது வருடம் அவளை வளர்த்து, படிக்க வைத்து, டீச்சர் ஆக்கியவர்... எழுதியவருக்கு அவர் ஞாபகமே வரவில்லை. நாலு படம் விமர்சனம் எழுதியவள் என்று பேர், எனக்கும் வரவில்லை.

“பார்த்தியா! எவ்வளவு பெரிய தப்பு!” என்று நான் மறுபடி ஆரம்பித்தேன்.

ஸ்டெல்லா கைப்பையிலிருந்து ப்ரூஃபை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“நீங்க எழுதுனதும் அதானே மேடம்?”

எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

“செங்கல்பட்டு ஆரோக்கியம்னு போட்டுக்கிறீங்க. அது யாரு மேடம்? எங்கப்பா இந்த ஊர்ல ஒரு நாள் தங்குனது இல்ல. எங்க காலனில இத யார் கைல குட்ப்பேன்? படிச்சுட்டு எந்த ஆரோக்கியம்னு என்னையே கேப்பாங்க. அந்தப் பொண்ண பக்கத்தூர்ல பொறக்க வச்சாங்க... நீங்க என்னை செங்கல்பட்டுல பொறக்க வச்சுட்டீங்க.”

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். வெட்கமாக இருந்தது. அஞ்சு நிமிடத்துக்கு முன்னால் எவனையோ கோழை என்று கத்திய அதே வாயை வைத்துக்கொண்டு என்ன சொல்ல?

பேனாவை எடுத்தேன். செங்கல்பட்டை அடித்துவிட்டு ‘படாளம் காலனி’ என்று எழுதினேன். எழுதிவிட்டுக் கை தயங்கியது. ஒன்றரை வருடக் காத்திருப்பு... இந்த ஒரு வரியால் கல்யாணம் நின்றுவிட்டால்? “யோசிச்சுக்கோ ஸ்டெல்லா. பிரபாகரிடம் ஒரு வார்த்தை கேட்டுடு” என்றேன்.

அங்கேயே அவனுக்குப் போன் போட்டாள். “பிரபா, பத்திரிகைல எங்க ஊர் பேரு போட்றேன். ஆமா, காலனின்னுதான். ...இல்ல, நான் கேக்கல, சொல்றேன். உங்கப்பாகிட்ட நீ பேசு. பேச முடியலன்னா அதயும் சொல்லிடு. காலைல பிரஸ்ஸுக்குப் போவுது.” அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னானோ, “சரி” என்று வைத்துவிட்டாள். என்கோசி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை ப்ரூஃப் பிரஸ்ஸுக்குப் போனது. செவ்வாய், புதன் பிரபாகரிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. ஒரு சினிமாவைப் போட்டுக் காட்டி நல்ல கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேனோ? ஸ்டெல்லா வேலையைப் பார்த்தாள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

இதை நான் எழுதப்போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். “பேர், ஊர் எல்லாத்தையும் மாத்திடட்டுமா?” என்று கேட்டேன். “மறுபடியுமா மேடம்?” என்றாள்.

வியாழக்கிழமை காலை பிரபாகர் ஆபீஸுக்கே வந்தான். ஷேவ் செய்துகொள்ளாத முகம். வீட்டில் நாலு நாளாகப் பேச்சு இல்லையாம். அச்சாகி வந்திருந்த கட்டிலிருந்து நூறு பத்திரிகை எண்ணி எடுத்துக்கொண்டான். “எங்க ஊர்ல நானே குடுக்கறேன்” என்றான். அவ்வளவுதான் பேசினான். எனக்குப் போதும். எந்த மருத்துவச்சியும் வரவில்லை. எந்தக் குழந்தையும் மாறவில்லை. அவன் கட்டப்போவது படாளம் காலனி ஆரோக்கியத்தின் மகளை. இதைப் படமாக எடுக்க நைஜீரியாவிலும் ஆள் இல்லை, கோடம்பாக்கத்திலும் ஆள் இல்லை என்பதுதான் என் விமர்சனம்.

அன்று மதியமே என் மேஜை போன் அடித்தது. பிரபாகரின் அப்பா.

“பத்திரிகை எழுதுன அம்மாவா? இன்னாம்மா இது? ஒத்துக்கினுதானே எல்லாம் பேசுனது? நான் கல்யாணம் வேணான்னா சொன்னேன்? ஒரே ஒரு வரிம்மா. எடுத்துட்டு வேற அடிச்சா இன்னா கெட்டுப்போச்சு?”

“சார், அது வந்து...” என்று நான் இழுத்தேன். ஸ்டெல்லா கையை நீட்டி ரிசீவரை வாங்கிக்கொண்டாள்.

“மாமா, ஸ்டெல்லா பேசறேன். ஒரே ஒரு வரிதானே மாமா? இருந்துட்டுப் போவட்டும். நீங்க அவசியம் வரணும். உங்களுக்கு நானே வந்து பத்திரிகை வச்சுட்டுப் போறேன்.”

கேட்டுக்கொண்டே நின்றாள். அப்புறம் ரிசீவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“கட் பண்ணிட்டாரு மேடம்.”

“நிஜமாவே வராம இருந்துட்டா என்னம்மா பண்ணுவே?” என்றேன்.

“வரலன்னா போவட்டும். அவுரு எலைல குந்த எங்க காலனில ஆளா இல்ல?”