பெஞ்சின் மேல் ஒரு வாத்தியார்

போன மாசம் ஒரு நாள் என்னைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிற்க வைத்துவிட்டார்கள். சிரிக்காதீர்கள். எனக்கு வயது நாற்பத்திரண்டு. இருபது வருஷமாக மற்றவர்களைப் பெஞ்சு மேல் ஏற்றுகிற உத்தியோகம் என்னுடையது!

வாத்தியாருக்கு என்ன குறைச்சல், கோடை வந்தால் மாம்பழமும் தூக்கமும்தானே என்று பொறாமைப்படுகிற வாசகர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இந்த மே மாசம் திருவனந்தபுரத்து வாத்தியார்கள் நாற்பது பேர், கொதிக்கிற ஓட்டுக் கட்டடத்தில் உட்கார்ந்து, பாடம் நடத்துவது எப்படி என்று படித்துக்கொண்டிருந்தோம். கோடைக்கால டிரெயினிங்!

எனக்கு அதில் பெரிய லாபமோ நஷ்டமோ இல்லை. எங்கள் தலைமையாசிரியர் வைத்தி சாருக்குத்தான் உயிர் போகிற விஷயம். ஆறு வருஷமாக அவர் 'ஆக்டிங்' தலைமையாசிரியர். டிரெயினிங் சர்டிபிகேட் கிடைத்தால் நாற்காலி நிரந்தரம். கிடைக்காவிட்டால், அவருடைய பழைய மாணவர் ஒருவர் வேறு பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அதில் உட்காருவார்.

"மூக்கொழுகிண்டு எங்கிட்ட அடி வாங்கினவன், ஓய். அவனுக்கு நான் எழுந்து நின்னு குட்மார்னிங் சொல்லணுமா?" என்பார். தினமும் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருவார்.

சர்டிபிகேட் வேண்டுமானால் ஒரு மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். யாருக்கு? லீவில் பிள்ளைகள் ஏது? ஆகவே வாத்தியார்களே பிள்ளைகள். சீட்டுக் குலுக்கி வேஷம் கொடுப்பார்கள் — கெட்டிக்காரன், வாயாடி, தூங்குமூஞ்சி... வைத்தி சாரின் முறை வந்த அன்று எனக்கு விழுந்த சீட்டு, 'மந்த மாணவன்'. பொருத்தம்தான் என்று என் மனைவி பிற்பாடு சொன்னாள்.

பின்னக் கணக்கு. மூன்றை நாலில் ஒன்றால் வகுக்க வேண்டும். வைத்தி சார் நாலில் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி நாலாக்கினார்; மூன்றோடு பெருக்கினார்; பன்னிரண்டு. கடைசிப் பெஞ்சில் மார்க் போட உட்கார்ந்திருந்த மலையாளத்து சூப்பர்வைசர் அம்மாள் — வைத்தி சாரின் பெண் வயசுதான் இருக்கும் — தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். வேஷம் கட்டிவிட்டால் சும்மா இருக்க முடிகிறதா?

"சார்... வகுத்தா குறையத்தானே செய்யணும்? மூணு எப்படிப் பன்னண்டாச்சு? அதை ஏன் சார் தலைகீழாத் திருப்பணும்?"

முந்தின வருஷம் என் வகுப்பில் ஒரு பெண் கேட்ட கேள்விதான். அவளுக்கு நான் என்ன பதில் சொன்னேனோ, அதையேதான் வைத்தி சாரும் எனக்குச் சொன்னார்.

"அதிகப்பிரசங்கி! ஏறு பெஞ்சு மேலே!"

ஏறிவிட்டேன்! குரலில் அப்படி ஒரு அதிகாரம். கையைக் கட்டிக்கொண்டு நின்ற பிறகுதான் நாங்கள் இருக்கும் இடம் இரண்டு பேருக்கும் நினைவு வந்தது.

"கொள்ளாம், சாரே!" என்று பாராட்டினார் சூப்பர்வைசர் அம்மாள். "குட்டி அங்கேயே நிக்கட்டும். கேட்டதுக்கு சார் உத்தரம் பறையணும்."

வைத்தி சார் சாக்பீஸைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். எனக்கு மட்டும் தெரியுமா என்ன? திருப்பு, பெருக்கு என்று இருபது வருஷம் சொல்லிக்கொடுத்தவன், ஏன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. "வேற யாருக்காவது அறியுமா?" என்றார் அம்மாள். அத்தனை வாத்தியார்களும் குனிந்து பென்சில் சீவ ஆரம்பித்தார்கள். தூங்குமூஞ்சி வேஷக்காரர் அப்போதுதான் மிகவும் தத்ரூபமாகத் தூங்கினார்.

மறுநாள் காலையில் மறுபடி இதே பாடம், பதில் இருந்தால்தான் சர்டிபிகேட் என்று தீர்ப்பாயிற்று.

சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் வைத்தி சார் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆரியசாலைக் கடைத்தெரு வரைக்கும் விறுவிறு என்று நடந்தார். பின்னாலேயே நானும் போனேன். என் வாய்த் துடுக்கால் ஒரு மனிதரின் நாற்காலி போகிறதே என்று மனசு அடித்துக்கொண்டது எனக்கு. அங்கே எங்களுக்கு வாடிக்கையான அரிசிக் கடை. கடைக்காரர் பிள்ளைவாள் திருநெல்வேலிக்காரர்.

"என்ன சார்வாள், ரெண்டு பேரும் எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கீய?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் இடங்கழிப் படியால் அரிசி அளப்பதை நிறுத்தவே இல்லை.

"ஒரு இடங்கழிக்கு எத்தன நாழி?"

"நாலு," என்றார் வைத்தி சார் எரிச்சலாக.

"அப்போ நாழிங்கிறது கால் இடங்கழி. மூணு இடங்கழி அரிசிய நாழியால அளந்தா எத்தன தடவ அளப்பீய?"

"பன்னண்..." வைத்தி சார் அப்படியே அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணுக்கு நாலு, மூணுக்குப் பன்னண்டு. அளவு சின்னதாச்சுன்னா தடவ கூடத்தானே செய்யும்? இதுக்கா சார்வாள் ரெண்டு வாத்தியாரு?"

மறுநாள் வைத்தி சார் வகுப்பில் இடங்கழியும் நாழியும் வைத்து அரிசி அளந்து காட்டினார். சர்டிபிகேட் கிடைத்துவிட்டது. பிள்ளையாருக்கு அன்று இரண்டு தேங்காய்.

பள்ளிக்கூடம் திறந்ததும் முன்பு என்னைக் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்து நானும் அளந்து காட்டினேன். "இவ்வளவுதானா, சார்?" என்றாள். வெட்கமாகத்தான் இருந்தது.

நிரந்தரமாகிவிட்ட நாற்காலியில் சாய்ந்துகொண்டு வைத்தி சார் நேற்று என்னைக் கேட்டார்: "ஏன் ஓய், அன்னிக்கு ஏறுன்னு சொன்னா உடனே ஏறிடறதா? ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதோ?"

"ஏன்னு கேட்டதுக்குத்தானே சார் ஏத்தினீங்க!"