பிலமீன் மெல்லும் இலை

பிலமீன் அந்த இலையை மெல்லும்போது யாரும் அவளிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் துப்பிவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். அதுவரை நம் காயம் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

கனடாவின் வடக்கே வாழும் கிரீ பழங்குடி மக்கள் வாப்பனேவஸ்க் என்கிற காட்டுச்செடி அது. வெள்ளைக் கொத்தாகப் பூத்து ஏரிக்கரையெங்கும் கிடக்கும். ரத்தம் நிற்க இலை, தலைவலிக்குப் பூ, பல்வலிக்கு வேர். லாரிப் புழுதி படிந்த செடியைப் பிலமீன் தொடவே மாட்டாள். நல்லதாகப் பார்த்து, அதன் காலடியில் காணிக்கையாக ஒரு சிட்டிகை புகையிலை வைத்துவிட்டுத்தான் பறிப்பாள். ஊருக்குத் தண்ணீர் லாரி ஓட்டுவது அவள்தான். காய்ந்த செடி அந்த லாரியிலேயே ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கும். தலைவலி என்று போய் நின்றால், “விடிய விடியச் சீட்டாடினா தலை வலிக்காம காலா வலிக்கும்?” என்று கேட்டுவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பாள். வாய் அப்படி!

செப்டம்பரில் ஒரு காலை, அவள் தம்பி சிப்ரியன் கையைச் சட்டையில் சுற்றிக்கொண்டு படகிலிருந்து இறங்கினான். அக்கரையில் பெரிய மூஸ் மான் ஒன்றைச் சுட்டிருக்கிறான். தோலுரிக்கும்போது கத்தி சறுக்கிவிட்டது. ஆறு வீட்டுக்குக் குளிர்கால இறைச்சி அங்கே பாதி உரித்தபடி கிடந்தது. தாமதித்தால் கரடிக்குத்தான்.

“சீக்கிரம் கட்டுக்கா, போகணும்.”

பிலமீன் துப்பினாள். “வாயை மூடுடா. கசப்பு எனக்குத்தானே தெரியும்.”

புதிதாக மென்று, வைத்து அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றது. கிளம்பியவனை விடவில்லை.

“விரலை மடக்கு. ஒவ்வொண்ணா.”

மோதிர விரல் அசையவில்லை.

“உள்ளே நரம்பு அறுந்திருக்குடா. இலை ரத்தத்தைத்தான் நிறுத்தும், அறுந்ததை ஒட்டாது. நர்ஸ்கிட்டே போ.”

“போனா பிளேன்ல ஏத்தி சாஸ்கடூன் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்க. கறி என்னாகுறது? ஒரு விரல்தானேக்கா!”

“அந்த ஒரு விரல் இல்லாம குளிர்காலத்துல ஏரி ஐஸுக்கடியில மீன் வலை இழுத்துப் பாரு, அப்பத் தெரியும்.”

சிப்ரியன் படகையும் கையையும் மாறி மாறிப் பார்த்தான். நர்ஸ் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரி நாலு வீடு தள்ளித்தான், கால்தான் நகரவில்லை.

பிலமீன் மேற்கொண்டு வாதாடவில்லை. அவன் இடுப்பிலிருந்த கத்தியை உருவிக்கொண்டு படகில் ஏறி, அதை அக்கரைப் பக்கம் திருப்பி, இன்ஜின் கயிற்றை ஓங்கி இழுத்தாள்.