நாக்கை நீட்டினால் துள்ளும் கட்டி

எனக்குப் பதினான்கு வயதானபோது கழுத்தின் நட்டநடுவில் ஒரு கட்டி புறப்பட்டது. நெல்லிக்காய் அளவு இருக்கும். கோயிலடி முனியாண்டிக்கு நான் நாக்கை நீட்டிய வினை என்றாள் அம்மா. நீட்டியது உண்மைதான். ஆனால் முனியாண்டிக்கு மட்டுமா நீட்டினேன்? கங்காணி, கண்டாக்கு என்று தேயிலைத் தோட்டத்து மேலாட்கள் யாரையும் விட்டுவைத்ததில்லை.

தோட்டத்து மருந்துக்காரர் சீழ்க்கட்டி என்று நினைத்து இரண்டு முறை கீறினார். இரண்டு முறையும் ஆறி, மறுபடி வீங்கியது. அம்மா முனியாண்டிக்குச் சேவல் நேர்ந்தாள். கட்டி அதற்கும் மசியவில்லை. கடைசியில் அப்பா ஒருநாள் வேலையை விட்டுவிட்டு என்னை நுவரெலியா பஸ்ஸில் ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டியைத் தொட்டுப் பார்த்து, "நாக்கை நீட்டுங்க" என்றார்.

அப்பா பதறிவிட்டார். "வேணாங்கய்யா! இந்தக் கெட்ட பழக்கத்த இப்பத்தான் அடிச்சு நிறுத்தியிருக்கோம்."

டாக்டர் விடவில்லை. நீட்டினேன். கட்டி மேலே துள்ளியது. இழுத்தேன், இறங்கியது. அவர் நர்சுகளைக் கூப்பிட்டுக் காட்ட, அப்பாவின் கண்ணெதிரே ஏழெட்டு முறை நீட்டினேன். அப்படியொரு சந்தோஷம் அதுவரை எனக்கு வாய்த்ததில்லை.

கருவில் தைராய்டு என்ற தொண்டைச் சுரப்பி நாக்கடியிலிருந்து கழுத்துக்கு இறங்குமாம். இறங்கிய வழி பிறகு தானாக அடைபட வேண்டும். எனக்கு அடைபடாததால் அதில் நீர் கோத்து, நாக்கோடு சேர்ந்து துள்ளும் கட்டியாகிவிட்டது. அந்த வழியையும், அதன் குறுக்கே இருக்கும் எலும்பில் ஒரு துண்டையும் சேர்த்து எடுத்தால்தான் கட்டி திரும்ப வராது என்றார் டாக்டர்.

"எலும்ப எடுத்தா புள்ள பேசுமாங்கய்யா?"

"பேசும்."

வீட்டில் அம்மா நம்பவில்லை. "எம் புள்ளைய ஊமையாக்கிக் கொண்டாந்துராதீங்க" என்று அழுதாள். அவள் பேச்சை மீறித்தான் அப்பா ஆஸ்பத்திரித் தாளில் கைநாட்டு வைத்தார்.

அறுவை முடிந்த மூன்றாம் நாள் காலை, தேத்தண்ணியில் சீனி போதவில்லை என்று நர்சிடம் சண்டையே போட்டேன். மத்தியானம் அப்பா வந்தார். "பேச்சு வருதாம்மா?" என்றார். எனக்குக் குறும்பு தாங்கவில்லை. கழுத்துக் கட்டுத்துணியைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று கையை விரித்தேன்.

திட்டுவார், உடனே சிரித்துவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "வாய மூடு, வாய மூடுன்னு நாந்தானே சொல்லிக்கிட்டே கெடந்தேன்" என்று துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் போய்விட்டது.

"அப்பா, சும்மா சொன்னேம்ப்பா."

துண்டை இறக்கினார். அடிக்கக் கையை ஓங்கினார்.

ஓங்கிய கை அப்படியே நிற்க, "இன்னொரு தடவ சொல்லு" என்றார்.