எல்லார் போனிலும் ஒரு பாப்பா

அந்தச் சார்ஜரை வாங்கியது நான். ஜீப்பில் மாட்டியது நான். அன்றைக்குக் காலையில் போனை எடுத்து, இறங்குகிறவள் கையில் கொடுத்ததும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நடந்ததைக் கேட்கிற எல்லோரும், "அந்தப் பொம்பளைக்கு அறிவு இல்லையா?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்கிறவர்களை அறையலாம் போல எனக்குக் கோபம் வருகிறது.

ராயப்பன்பட்டியிலிருந்து விடியும் முன்னே பன்னிரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு, கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடுவது என் பிழைப்பு. சாயங்காலம் திரும்ப ஏற்றி வருவேன். எல்லோரும் ஒரே தோட்டத்துக்குப் போகிறவர்கள் இல்லை. பாதிப் பேர் முதல் தோட்டத்தில் இறங்குவார்கள், மீதிப் பேருக்கு இன்னும் ஆறேழு கிலோமீட்டர் கரட்டுப் பாதை.

மலை ஏறினால் போனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். ஒரு வளைவில் தமிழ்நாட்டு டவர், அடுத்த வளைவில் கேரள டவர். இரண்டையும் தேடித் தேடியே மத்தியானத்துக்குள் செத்துப்போகும். வீட்டிலேயே சார்ஜ் போட்டு வரலாமே என்றால், இருக்கிற ஒரு ப்ளக்குக்குப் பிள்ளைகளோடு மல்லுக்கட்ட வேண்டும். ஜெயிப்பது பிள்ளைகள்தான். ஆகவே ஜீப் ஓடுகிற ஒன்றரை மணி நேரம்தான் இவர்களுக்குக் கதி.

முன்பு என் வண்டியில் ஒற்றை முனை சார்ஜர் ஒன்று இருந்தது. ஒயர் நீளமாகப் பின்சீட்டு வரைக்கும் போகும். ஆளுக்கு ஏழெட்டு நிமிடம். போனை அவரவர் மடியிலேயே வைத்துக்கொண்டு, அடுத்தவளிடம் ஒயரை மட்டும் தள்ளிவிடுவார்கள். "ஏத்தா, அவளுக்கு மட்டும் கால்மணி நேரமா?" என்று தினமும் சண்டை. பதினெட்டு வளைவுக்கும் இந்தப் பஞ்சாயத்துதான். ஒருநாள் எரிச்சல் தாங்காமல் கம்பத்து ரோட்டோரத்தில் மூன்று முனை சார்ஜர் ஒன்றை வாங்கி மாட்டினேன். அட்டையில் பெரிதாக மின்னல் படம் போட்டிருந்தது. மூன்றாம் நாள் அது கருகி நாற்றமடித்தது.

பிறகு தேனிக்குப் போனபோது ஒரு கடையில் ஏறினேன். கல்லாவில் ஒரு பெண் இருந்தது. "நல்ல ஃபாஸ்ட் சார்ஜரா குடும்மா, நாலு போன் ஒண்ணா ஏறணும்" என்றேன்.

"மின்னல் படத்தைப் பாத்து வாங்காதீகண்ணே. மொத்தம் எத்தனை வாட்ஸ்னு பாருங்க. அப்புறம் நாலும் மாட்டினா ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு பிரிச்சுக் குடுக்குதுன்னு பாருங்க."

"நாலுக்கும் முழுசாக் குடுக்காதா?"

"ஒரு சட்டிக் கொழம்புதாண்ணே. நாலு பேரு உக்காந்தா நாலாப் பிரியும்."

அதோடு விடவில்லை. உங்கள் வண்டி சாக்கெட்டுக்கு ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர் என்று கேட்டது. எனக்கு எங்கே தெரியும்? வெளியே போய் மெக்கானிக்குக்குப் போன் போட்டுக் கேட்டு வந்து சொன்னேன். ஒயரும் நல்லதாக எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சார்ஜர் ஓடி வந்து ஒயரில் நொண்டும் என்றது. கடைசியில் நான்கு முனை உள்ள ஒன்றை எடுத்துக்கொடுத்தது. மேலே இருக்கிற சி டைப் முனையில்தான் வேகம் அதிகம், அவசரமான போனை அதில் மாட்டுங்கள் என்றும் சொல்லி அனுப்பியது.

வாங்கியது நல்ல சரக்கு. அரைமணி நேரத்தில் போன் பாதிக்கு மேல் ஏறிவிடும். நாலு ஒயரும் குட்டையாக இருந்ததால் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டை ஒட்டி, போன்களை அதில் அடுக்கினேன். சண்டை ஓய்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற ஜீப்காரர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். போன்கள் மடியைவிட்டு என் பக்கத்துத் தட்டுக்கு வந்துவிட்டன என்பதை மட்டும் நான் யோசிக்கவே இல்லை.

அந்த வருடம் மாதா கோயில் திருவிழாக் கடையில் மாதா படம் போட்ட போன் கவர் வந்திருந்தது. நீலக் கவர், தங்கக் கரை. ஜீப்பில் ஐந்தாறு பேர் அதையே வாங்கினார்கள். போனும் கம்பத்தில் ஒரே கடையில், ஒரே ஆஃபரில், ஒரே மாடல். தட்டில் நாலு போன் இருந்தால் நாலும் மாதாதான். "எம் மாதாவை எடுங்கண்ணே" என்று கை நீட்டுவார்கள். எடுத்துக் கொடுப்பேன்.

இன்னொன்றும் செய்து வைத்திருந்தேன். பக்கத்து ஊரில் ஒரு அம்மா, போனில் கேட்ட எவனுக்கோ ஓடிபி நம்பரைச் சொல்லி, வங்கியில் இருந்ததையெல்லாம் பறிகொடுத்தாள். அதைக் கேட்டதிலிருந்து நான் வாத்தியாராகிவிட்டேன். வளைவில் வண்டியைத் திருப்பிக்கொண்டே பாடம் நடத்துவேன். "பெத்த மகளாட்டம் அழுது கேட்டா?" என்பேன். "சொல்ல மாட்டோம்!" என்பார்கள். "குரலைக் கேளுங்க. நம்ம பிள்ளை கொரலு இல்லேன்னா, என்ன அழுதாலும் நம்பாதீக. நாலு திட்டுத் திட்டிட்டு அணைச்சுப் போடுங்க" என்பேன். கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் தினமும் சொன்னேன்.

ஜீப்பில் வருகிற ஒருத்தியின் மகள் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். தோட்டத்து ஏலச்செடிக்குள் குனிந்து குனிந்தே தாய் படிக்கவைத்த பிள்ளை. அரசாங்கக் கல்லூரியில் நர்சிங் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் கம்ப்யூட்டரில் உறுதி செய்ய வேண்டும். முதல் நாள் முழுக்க முயன்று பார்த்தும் சர்வர் கிடைக்கவில்லை. ஓடிபி வருவது தாயின் போனுக்கு. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ என்று மகள் சொல்லியிருக்கிறாள். தாய்க்கு மனசு கேட்கவில்லை. முந்தின நாள் இறங்கும்போது என்னிடம் கேட்டாள்.

"சீட்டு உறுதியாயிருச்சுன்னு எங்காதுல விழணும்ணே. இதுக்கு முந்தி ரெண்டு தடவை மலையிலிருந்துதானே நம்பரு சொன்னேன். நாளைக்கு மட்டும் போனு சாகாம இருந்தாப் போதும்."

"நம்ம சார்ஜரு என்னத்துக்கு இருக்கு? எடுத்துட்டு வாத்தா. நூறு பர்சண்டோட இறக்கிவிடுறேன்" என்றேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

மறுநாள் அவள் போனை மேல் முனையில் மாட்டினேன். மெட்டில் ஒரு வளைவில் எதிரே லாரி வந்ததால் பிரேக்கை அழுத்தினேன். தட்டிலிருந்த நாலு மாதாவும் என் காலடியில் விழுந்தன. இருட்டில் துழாவி எடுத்து மறுபடி மாட்டினேன். முதல் தோட்டத்தில் கங்காணி விசில் ஊதிக்கொண்டிருந்தார். கடைசியாக இறங்கிய ஒருத்தி, "அண்ணே, எம் மாதா" என்று கை நீட்டினாள். ஒன்றை உருவிக் கொடுத்தேன். அடுத்த தோட்டத்தில் நர்சிங் பிள்ளையின் தாய்க்கு மேல் முனையில் இருந்ததைக் கொடுத்தேன். அவள் பட்டனை அமுக்கிப் பார்த்தாள். நூறு என்று காட்டியது. முகமெல்லாம் சிரிப்பாக இறங்கிப் போனாள்.

மூன்று மணிக்கு மேல் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். என் போனில் பதியாத ஒரு நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து அந்தப் பிள்ளை தன் போனில் கூப்பிட்டாள்.

"மாமா, அம்மா போனை வேற யாரோ எடுக்குறாக. அம்மா, அம்மான்னு அழுறேன். திருட்டு நாயேன்னு திட்டுறாக. இப்ப சுவிட்ச் ஆஃப்னு வருது மாமா."

போன் திருடு போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஜீப்பை எடுத்துக்கொண்டு தாய் வேலை செய்யும் தோட்டத்துக்குப் பறந்தேன். அவள் காய்க்கூடையை இறக்கிவிட்டு, பையிலிருந்து போனை எடுத்து, "இந்தா இருக்கேண்ணே?" என்று நீட்டினாள். வாங்கித் திறந்தேன். உள்ளே வெள்ளைக் கவுனில், மாதா கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிய ஒரு சின்னப் பிள்ளையின் படம். இது யார் பிள்ளை என்று அவள் என்னைப் பார்த்தாள். தட்டும், பிரேக்கும், இருட்டில் துழாவியதும், முதல் தோட்டத்தில் ஒன்றை உருவிக் கொடுத்ததும் எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டன. அவளை ஏற்றிக்கொண்டு வண்டியை முதல் தோட்டத்துக்குத் திருப்பினேன்.

ஆறேழு கிலோமீட்டர் அந்தப் பாதையில் எப்படி ஓட்டினேன் என்று இன்றைக்கும் தெரியாது. பக்கத்தில் அவள் "மாதாவே, மாதாவே" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் தோட்டத்தில் ஆட்கள் செடிக்குள் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாமல் கத்திக்கொண்டு ஓடினோம். கண்டுபிடித்தபோது நாலே முக்கால்.

போனை வைத்திருந்தவள் என்னைக் கண்டதும் சிரித்தாள். நல்ல காரியம் செய்த பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றாள்.

"அண்ணே, நீங்க சொன்னது அப்படியே நடந்துச்சு. பாப்பான்னு பேரு காட்டுச்சு. எடுத்தா எம் பாப்பா கொரலு இல்ல. ஓடிபியைச் சொல்லு, சொல்லுன்னு என்னா அழுக அழுகுறா தெரியுமா? விடுவேனா? நாலு திட்டுத் திட்டி அணைச்சுப் போட்டேன்."

பாப்பா! இந்தப் பள்ளத்தாக்கில் எந்தத் தாய் போனில் பாப்பா இல்லை? பெற்ற மகளுக்கு இருபது வயதானாலும் போனில் பாப்பாதான். அதை நான் யோசித்தேனா? என் பக்கத்தில் நின்ற தாய் போனைப் பிடுங்கியதும்தான் திட்டியவளுக்கு விளங்கியது. தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

போனை உயிர்ப்பித்தோம். முன்னே வந்த மூன்று நம்பரும் காலாவதி. நாங்கள் நின்ற இடத்தில் செடிக்குள் சிக்னல் இல்லை. காய் காயவைக்கும் ஸ்டோர் வாசலுக்கு ஓடினோம். பிள்ளை மறுபடி ஓடிபி கேட்டு அனுப்பினாள். நாலு ஐம்பத்தாறுக்கு வந்தது. தாய் ஒவ்வொரு எண்ணாகச் சத்தம் போட்டுச் சொன்னாள். அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது. "சுத்துதும்மா, சுத்திக்கிட்டே இருக்கு" என்றாள் மகள். பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "என்னத்தா? என்னான்னு சொல்லு" என்று தாய் கேட்டுக்கொண்டே இருந்தாள். நேரம் முடிந்துவிட்டது என்று வந்திருக்கிறதாம். அதைச் சொன்னது அந்தச் சென்டர்க்காரர்.

தாய் என்னைத் திட்டவில்லை. போனை அணைத்தவளையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "காய் எடை போடணும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். வண்டியை அவள் தோட்டத்துக்குத் திருப்பினேன்.

பிறகு அலைந்தோம். உறுதி செய்யாதவர்களுக்கு அடுத்த சுற்றில் இடமில்லை என்றார்கள். தனியார் கல்லூரி எங்கள் யோசனைக்கே எட்டாதது. வருகிற வருடம் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று ஒரு டீச்சர் சொன்னார். போனை மாற்றி எடுத்தவள் அன்றிலிருந்து ஜீப்புக்கு வரவில்லை. சார்ஜரைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். எறிந்து என்ன ஆகப்போகிறது?

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை. வழக்கமாக அந்தத் தாய் நிற்கிற இடத்தில் இரண்டு பேர் நின்றார்கள். இரண்டு தூக்குவாளி. முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு மகளும் நின்றாள். தோட்டத்தில் இடுப்பில் கட்டிக்கொள்ளக் கையில் புது உரச்சாக்கை மடித்து வைத்திருந்தாள். இறங்கிப் போய்ப் பேச வேண்டும் என்று தோன்றியது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அவள் என் சன்னல் பக்கம் வந்து நின்றாள். பின்சீட்டை எட்டிப் பார்த்தாள்.

"அந்தச் சித்தி இன்னும் வரலையா மாமா?"

"வரலத்தா. மூஞ்சில முழிக்க மாட்டேங்குறா."

"வரச்சொல்லுங்க மாமா. அவுக மேல தப்பு இல்ல. நான்தான் எம் பேரைச் சொல்லிருக்கணும். அழுகையில அம்மான்னு மட்டும்தான் கூப்பிட்டேன்."