பென்டிரைவைப் பிடுங்கியவள்

ஏற்காட்டு மலைக் கிராமமான கொட்டச்சேட்டில் எந்தக் கம்பெனிக் கீபோர்டுக்கும் பெயர் கேசியோதான். அதனால் கலாவதிக்கும் ஊரில் கேசியோக்காரி என்றே பெயர். சொல்கிற வாயில் கொஞ்சம் கேலி இருக்கும். அவள் கண்டுகொள்வதில்லை. முப்பத்தாறு வயதுக்குள் நான்கு கீபோர்டுகளை வைத்துப் பார்த்துவிட்டாள். அதில் எது உயிர், எதைக் கண்டால் ஆகாது என்று யார் கேட்டாலும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். அப்படிச் சொன்னதால் அவளுக்கு நல்லது நடந்தது என்று சொல்ல முடியாது.

முதலாவது, ஏற்காட்டு லாட்ஜ் ஒன்றில் கட்டிலுக்கு அடியில் கிடைத்தது. அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது, அங்கே ரூம் சுத்தம் செய்யும் வேலை. தங்கிப் போன குடும்பத்தை மேனேஜர் போனில் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "அது பசங்க வெளையாட்டுச் சாமான், யாருக்காவது குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டார்கள். கண்டெடுத்தவளுக்கே அது வந்து சேர்ந்தது. முழங்கை நீளம், முப்பத்திரண்டு கட்டைகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அகலம். கோயில் ஒலிபெருக்கியில் கேட்ட பாட்டுகளை ஒவ்வொரு கட்டையாகத் தேடித் தேடி அதில் பிடித்தாள். ஒரு பாட்டு கைக்கு வர நாலு நாள் ஆகும், சில பாட்டு வரவே வராது.

அவள் அப்பா மாதையன் காப்பி எஸ்டேட்டில் கவாத்து வெட்டுகிறவர். நல்ல மனுஷன்தான், ஆனால் இது அவருக்குப் பிடிபடவில்லை.

"ஏன் சாமி, பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இது? ஆம்பளப் பசங்கதான் இதெல்லாம் வாசிப்பானுக."

"ஏனுங்கப்பா, அவனுகளுக்கு மட்டும் பதினோரு வெரலுங்களா?" என்றாள் கலாவதி.

இரண்டாவது, சேலத்தில் பழைய சாமான் கடையில் வாங்கியது. ஐந்து ஆக்டேவ் நீளம், அறுபத்தொரு கட்டைகள், ஆனால் அதில் பாதி பேசவில்லை. மலைக்குக் கொண்டுவந்த ஒரு மாதத்தில் மீதியிலும் பாதி ஊமையாயின. கலாவதி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அதைப் பிரித்துப் போட்டாள். உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் கீழே சின்ன ரப்பர் பொத்தான். பொத்தான் மேலெல்லாம் பூஞ்சை. பனிமூட்டம் வீட்டுக்குள் வந்து துணிமணியைக் கெடுப்பதுபோல கீபோர்டின் வயிற்றுக்குள்ளும் போயிருந்தது. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தாள். கடைசியில் ஒரே ஒரு கட்டை மட்டும் எதற்கும் மசியவில்லை. வாசிக்கும்போது அந்த இடம் வந்தால் பக்கத்துச் சுரத்தை வளைத்துக்கொண்டு தாண்டப் பழகினாள். அதன் பிறகு மரப்பெட்டி ஒன்றுக்குள் ஜீரோ வாட்ஸ் பல்பு எரியவிட்டு, கீபோர்டை அந்தச் சூட்டில் வைத்தாள்.

அதற்குள் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. புருஷன் சின்னன், கொட்டச்சேட்டிலிருந்து ஏற்காட்டுக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறவன். "ஊட்டுல நமக்கு ஒரு வெளக்கு, கேசியோவுக்குத் தனி வெளக்கு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். ஆனால் பல்பு போய்விட்டால் புதுசு வாங்கி வருகிறவனும் அவன்தான்.

அந்த ஊமைக் கட்டைக் கீபோர்டோடுதான் யுவராஜின் கச்சேரிக் குழுவில் சேர்ந்தாள். யுவராஜ் ஏற்காடு பஜாரில் செல்போன் கடை வைத்திருப்பவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் விழா எதுவானாலும் மலையில் அவர் குழுதான். எட்டு வருஷம் கலாவதி அதில் வாசித்தாள். பாட்டுக்காரர் வரியை மறந்தால் இழுத்துக் கொடுப்பாள், மூச்சு வாங்கினால் காத்திருப்பாள். குழுவின் மூத்த பாடகி ரூபிக்கு ஐம்பது வயதுக்கு மேல். "கண்ணு, நீ இருந்தா நான் கண்ண மூடிட்டுப் பாடலாம்" என்பாள்.

ஒரு தீபாவளிக்கு யுவராஜ் குழுவினர் எல்லார் முன்னாலும் கலாவதிக்கு ஒரு புதுக் கீபோர்டைப் பரிசாகக் கொடுத்தார். மாலை போட்டு போட்டோவும் எடுத்தார்கள். பளபளவென்று பெரிய பெட்டி, ஆயிரம் சத்தம் உள்ளே. கலாவதிக்கு அன்று கண் கலங்கிவிட்டது. மறுவாரம் மேடையில்தான் விஷயம் தெரிந்தது. யுவராஜ் ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து பெட்டியின் பின்னால் செருகினார். பாட்டுகள் மொத்தமும் சென்னையில் யாரோ வாசித்துப் பதிவு செய்தவை.

"நீ சும்மா கைய மட்டும் வெச்சிருந்தாப் போதும். நல்ல பட்டுச்சேலையாக் கட்டிட்டு வந்துரு. கட்டையோட சத்தத்த நான் கொறச்சு வெச்சிருக்கேன்."

"அப்ப நான் எதுக்குங்ண்ணா?"

"பாக்கறதுக்கு நல்லா இருக்குமில்ல."

இரண்டு வருஷம் அவள் சத்தம் வராத கட்டைகளை அமுக்கினாள். தப்பான கட்டையை அமுக்கினாலும் யாருக்கும் தெரியாது. முதலில் அது வலித்தது. பிறகு வலிக்காமலே போனது, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஒருநாள் வீட்டில் பழைய கீபோர்டை எடுத்து உட்கார்ந்தபோது இடது கை இடம் தெரியாமல் தடுமாறியது.

அந்த வருஷம் ரூபிக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனது. தேறி வந்தவளின் குரல் கனத்து இறங்கிவிட்டது. ஏற்காட்டு மண்டபம் ஒன்றில் மதியச் சாப்பாட்டு நேரத்து வரவேற்புக் கச்சேரி. ரூபி பாட எழுந்தாள். பென்டிரைவில் இருந்த பாட்டோ அவளுடைய பழைய சுருதியில் இருந்தது. அனுபல்லவியில் மேலே போக வேண்டிய இடத்தில் குரல் உடைந்தது. முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். ஒருவன் விசிலடித்தான். ரூபி மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"கண்ணு, கொஞ்சம் எறக்கிக் குடு."

கலாவதி யுவராஜைப் பார்த்தாள். ஓடட்டும், ஓடட்டும் என்று அவர் கையைக் காட்டினார். சிரிப்பு இரண்டாம் வரிசைக்கும் பரவியது.

கலாவதி கையைப் பின்னால் விட்டுப் பென்டிரைவைப் பிடுங்கினாள்.

மண்டபம் சட்டென்று வெறிச்சோடியதுபோல் ஆனது. சாம்பார் வாளியின் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் கட்டைகளின் சத்தத்தை ஏற்றினாள், இரண்டு கட்டை இறக்கிச் சுருதி கொடுத்தாள். ரூபி ஒரு கணம் நின்றுவிட்டுப் பிடித்துக்கொண்டாள். கலாவதியின் இடது கை முதல் வரியிலேயே இரண்டு இடத்தில் தப்பியது. டிரம் பேட் வாசிக்கும் சத்யராஜ் முழித்துப் பார்த்துவிட்டு, தாளத்தை மெதுவாக ஏற்றி அவளைத் தாங்கினான். பாட்டு நொண்டி நொண்டி நடந்து, சரணத்தில் நிமிர்ந்தது. ரூபியின் கனத்த குரலுக்கு அந்தச் சுருதியில் ஒரு அழகு இருந்தது. பாட்டு முடிந்ததும் பந்தியிலிருந்து சிலர் கை தட்டினார்கள். பலருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது.

யுவராஜுக்குத் தெரிந்தது. மேடைக்குப் பின்னால் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"கச்சேரிய நாறடிச்சுட்டயே. எத்தன தப்பு வாசிச்ச தெரியுமா?"

"தெரியுமுங்ண்ணா. ரெண்டு வருசங்கழிச்சு இன்னிக்குத்தான் தப்பு வாசிக்கறேன்."

"இந்தப் பெட்டிய யாரு குடுத்தாங்கறத மறந்துட்டுப் பேசாத."

"பெட்டி நீங்க குடுத்ததுங்க. கை என்னுதுங்க" என்றாள் கலாவதி.

மறுநாள் காலை பத்து மணிக்கு, பஜார் நிறைந்திருந்த நேரத்தில், சின்னனின் ஜீப் செல்போன் கடை முன்னால் வந்து நின்றது. கீபோர்டை இருவருமாகத் தூக்கி கடை மேசை மேல் வைத்தார்கள். குடுத்ததைத் திருப்பி வாங்குகிற பழக்கம் எனக்கில்லை என்றார் யுவராஜ். "நீங்க கேக்கலீங்க, நானாத்தான் கொண்டாந்தேன்" என்று சொல்லிவிட்டுக் கலாவதி ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

"கொஞ்ச நாள் பொறுத்திருக்கலாமில்ல, கலா" என்றான் சின்னன், வண்டியை ஓட்டிக்கொண்டே.

"பொறுத்தது போதுமுங்க. இன்னும் பொறுத்தா வாசிக்கவே மறந்துரும்."

அதன்பின் ஒரு வருஷம் அவளை யாரும் கச்சேரிக்குக் கூப்பிடவில்லை. மண்டபக்காரர்களிடம் யுவராஜ் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தார். மார்கழியில் காப்பிப்பழம் பறிக்க எஸ்டேட்டுக்குப் போனாள். கூட வேலை செய்தவர்கள் குத்திக் காட்டினார்கள், "கேசியோக்காரிக்கு இப்ப கூடைதான் கேசியோ" என்று. "ஆமாங்க, இதுலயும் பத்து வெரலும் வேணும்" என்று பதில் சொல்லிவிட்டுப் பறிப்பாள். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், அலுப்போடு அலுப்பாக, அந்த ஊமைக் கட்டைக் கீபோர்டில் இடது கைக்கு ஒரு மணி நேரம்.

நான்காவது வந்து சேர்ந்தது அப்போதுதான். சேலத்தில் ஒரு பாட்டு ரிக்கார்டிங் ஸ்டுடியோவை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சின்னனோடு போனாள். மூலையில் ஒரு பழைய சிந்தசைஸர் தூசி படிந்து கிடந்தது. "இது ஓடாதும்மா. ஓடினாலும் இதுல ரிதம் கிடையாது, பாட்டு கிடையாது. தூக்கிட்டுப் போறதுன்னா போங்க" என்றார் ஸ்டுடியோக்காரர். அம்மிக்கல் மாதிரி கனம். சின்னன் ஜீப் கூரைமேல் கட்டிக்கொண்டு வந்தான்.

பிரித்து, துடைத்து, அறுந்த கம்பிகளைப் பற்றவைக்க இரண்டு மாதமானது. முதலில் வந்தது வெறும் உறுமல். முன்பக்கம் முழுக்கத் திருகுகள். ஒன்றைத் திருப்பினால் சத்தம் மூக்கால் பேசும், இன்னொன்றைத் திருப்பினால் தொண்டைக்குப் போகும். நாலைந்தைச் சேர்த்துத் திருப்பிப் பார்த்ததில் ஒருநாள் நாயனம் போல ஒன்று எழுந்தது. நாயனமும் இல்லை, சேர்வராயன் மலைமேல் காற்று இரைகிற மாதிரி ஒரு அடிச்சத்தம் அதற்கு. அடுப்படியில் இருந்த சின்னன் வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றான். மறுநாள் காலை போட்டுப் பார்த்தால் அந்தச் சத்தம் இல்லை. உள்ளே ஞாபகம் வைத்துக்கொள்ளும் பகுதி எப்போதோ செத்திருந்தது. அணைத்தால் எல்லாமே போய்விடும். கலாவதி நகப்பாலிஷை எடுத்து திருகுகளைச் சுற்றிப் புள்ளி வைத்து அடையாளம் செய்தாள். அப்படியும் ஒவ்வொரு நாளும் காதால் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சேலம் பக்கத்துக் கீபோர்டு வாசிப்பவர்களின் வாட்ஸாப் குழு ஒன்றில் அவளும் இருந்தாள். இருநூறு பேரில் ஒரே பெண். ஒருநாள் அதில் ஒருவர் கேட்டிருந்தார்: வைத்திருந்ததிலேயே ரொம்பப் பிடித்த கீபோர்டு எது, பிடிக்காதது எது? ஆளாளுக்கு விலையுயர்ந்த பெட்டிகளின் படங்களைப் போட்டார்கள். கலாவதி குரல் பதிவு அனுப்பினாள்.

"எனக்குப் புடிக்காதது மூணாவதா வெச்சிருந்ததுங்க. பெட்டி நல்ல பெட்டிதான். அதுல ஆயிரம் சத்தம் இருந்துச்சு, ஒண்ணுகூட நான் வாசிக்கல. ரெண்டு வருசம் ஊமையா அமுத்திட்டு இருந்தேன். நொம்பப் புடிச்சது இப்ப இருக்கறது. ஆஃப் பண்ணுனா அத்தனையும் மறந்துரும். தெனமும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும். அதுக்கு ஆள் வேணுமுங்க. அதான் எனக்குப் புடிக்கும்."

யுவராஜும் அந்தக் குழுவில் இருந்தார். வாசிக்கத் தெரியாதவங்களுக்கு மேடையில் மானத்தைக் காப்பாற்றியதே நான் கொடுத்த பெட்டிதான் என்று எழுதினார். கலாவதி விடவில்லை. "பெட்டிதான் மானங் காப்பாத்துச்சுன்னா பெட்டிக்கே பட்டுச்சேலை கட்டி உட்டிருக்கலாமுங்களே" என்றாள். அன்று மதியமே அவளைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். ஆனால் அதற்குள் அவள் குரல் மலை முழுக்க ஒவ்வொரு போனாகப் போய்விட்டது.

பத்து நாள் கழித்து மஞ்சக்குட்டையிலிருந்து செல்லப்பன் என்ற விவசாயி தேடி வந்தார். மகளுக்குக் கல்யாணம். வந்தவர் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"ஏனுங்க அம்மிணி, நீங்க பேசுனத மச்சினன் பையன் போட்டுக் காமிச்சான். உங்களையே வாசிக்கச் சொல்லலாம்னு இருக்கறோம். ஆனா நீங்க வந்தா மானம் போயிரும்னு பஜார்ல சொல்றாங்க."

"போனா என்ற மானந்தானுங்க போகும். உங்க ஊட்டுக் கல்யாணத்துக்கு ஒண்ணும் ஆவாது."

"அப்ப வந்துருங்க" என்றார் செல்லப்பன்.

வைகாசியில், முகூர்த்தம் முடிந்த கையோடு, பந்தலில் கலாவதி அந்தப் பழைய சிந்தசைஸரை வைத்தாள். பக்கத்தில் நாற்காலி போட்டு, யுவராஜ் குழுவை விட்டு வந்துவிட்ட ரூபி உட்கார்ந்தாள். சத்யராஜும் வந்திருந்தான், யுவராஜிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு டோலக்கோடு வந்திருந்தான். மூன்று பாட்டு நன்றாகப் போனது. நான்காவதில் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறிப் பந்தலுக்குள் நுழைந்தது. குளிர் பட்டதும் அந்தச் சிந்தசைஸரின் சுருதி மெல்ல வழுக்கத் தொடங்கியது. ரூபி கண்ணைத் திறந்து பார்த்தாள். கலாவதி வலது கையால் வாசித்துக்கொண்டே இடது கையால் சுருதித் திருகைப் பிடித்து, வழுக்க வழுக்க இழுத்து நிறுத்தினாள். ஒரு இடத்தில் பிடி விட்டுப் போனது, எல்லாருக்கும் கேட்டது. அவள் அங்கேயே நிறுத்தினாள்.

"குளிர்ல சுருதி நழுவிருச்சுங்க. இருங்க, சரி பண்ணிட்டுப் பாடறோம்" என்று மைக்கில் சொன்னாள்.

யாரும் சிரிக்கவில்லை. செல்லப்பன் வீட்டு ஆட்கள் நெருப்புக் கங்கு போட்ட கணப்புச் சட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசைக்கு அருகே வைத்தார்கள். பாட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. மணப்பெண் மாலையோடு வந்து முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள். குத்துப்பாட்டுக்குப் பதிவு செய்த டிராக் போடச் சொல்லிச் சில இளவட்டங்கள் கேட்டார்கள். அது இங்கே இல்லை, வேணும்னா நீங்க பாடுங்க, நான் வாசிக்கிறேன் என்றாள். இரண்டு பேர் பாடினார்கள். மீதிப் பேர் சலித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சத்யராஜ் மறுநாள் யுவராஜ் குழுவுக்கே திரும்பிவிட்டான். இரண்டு குழந்தைகள், அங்கேதான் வாரம் தவறாமல் கச்சேரி. கலாவதி அவனைக் குறை சொல்லவில்லை. யுவராஜ் குழுவுக்கு இன்றும் வேலை குறையவில்லை. கலாவதியையும் ரூபியையும் மாதத்துக்கு ஒன்று, இரண்டு இடங்களில் கூப்பிடுகிறார்கள். சில மாதம் அதுவும் இல்லை.

போன வாரம் ஏற்காட்டு லாட்ஜ் ஒன்றிலிருந்து பேசினார்கள். மாலை நேரத்தில் விருந்தினர்களுக்கு வாசிக்க ஆள் வேண்டுமாம். டிராக் எல்லாம் கையில் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

"டிராக் இல்லீங்க. நான் இருக்கேன், பாடறதுக்கு ரூபியக்கா இருக்காங்க. அக்காவுக்கு நல்ல நாற்காலி ஒண்ணு போடோணும், நடுவுல சுடுதண்ணி வேணும். தப்பு வந்தா நிறுத்திட்டு மறுபடி வாசிப்போம். சம்மதம்னா சொல்லுங்க."

கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். இன்னும் போன் வரவில்லை. மதியம் மூன்று மணிக்கு ரூபி ஒத்திகைக்காகப் பஸ்ஸில் வந்து இறங்குகிறாள். கலாவதி மரப்பெட்டியைத் திறந்து சிந்தசைஸரை எடுத்து மேசையில் வைத்து, முதல் திருகிலிருந்து ஆரம்பிக்கிறாள்.